சிறகு வைத்த சிங்கமும் ஸ்பிரிட் துணியும்: பழைய வீட்டுச் சாமான் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி, சிங்கர் தையல் மெஷின் ஒன்றின் தலையைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். "அண்ணை, நல்லாத் துடைச்சனான், ஆனா ஏனோ வெள்ளை பூத்திட்டுது" என்றார். சாக்கை அவிழ்க்க முன்பே மணத்தில் விளங்கிவிட்டது. ஸ்பிரிட்.

அந்தத் தவறை நானும் செய்தவன். திருகோணமலையில் பழைய சாமான் தேடித் திருத்தப் புதிதாக இறங்குகிற பிள்ளைகள் ஒருவர் மாறி ஒருவர் அதையே செய்துகொண்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறக்க வேண்டும், கழற்றிய ஆணிகளைத் தவறவிடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு மேனியில் ஸ்பிரிட்

பழைய சிங்கரின் கறுப்பு, தூரிகையால் அடித்துக் காயவிட்ட சாதாரண பெயின்ட் என்று நினைக்காதீர்கள். வார்ப்பிரும்பின் மேல் தார்ச்சத்துக் கலந்த கறுப்பு வார்னிஷைப் பூசி, சூளையில் சுட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதன் மேல் பொன்னிறப் பூவேலையும் எழுத்தும் ஒட்டுப்படமாக வருகின்றன. அவற்றைக் காக்க எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று. பழைய மெஷின்களில் அந்தப் பூச்சு அரக்கு. அரக்கைக் கரைப்பது எது? தளபாடத்துக்குப் பொலிஷ் அடிக்கிற தச்சர் யாரையும் கேளுங்கள். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுத்தான் அவர் தன் பொலிஷையே செய்கிறார்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவரும் ஒரு தச்சர்தான், காரியம் கெட்ட பிறகு.

உவர்மலையில் பெரியம்மா வீட்டில் ஒரு கால் மெஷின் இருந்தது. அடிநூலைக் கொண்டுபோகிற நீளமான ஷட்டில் ஓடுகிற 27ஆம் இலக்க வகை. அதன் மேனியில் பெண் முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட எகிப்திய உருவம். நாங்கள் பிள்ளைகள் அதைச் 'சிறகு வைத்த சிங்கம்' என்போம். பெரியம்மா தைக்கும்போது பக்கத்தில் நின்று அதை விரலால் தொட்டால் அடி விழும். 1990இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, தலையை மேசையோடு கொட்டிலுக்குள் தள்ளி மேலே விறகை அடுக்கிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. மெஷின் மட்டும் விறகுக்கடியில் அப்படியே இருந்தது.

பல வருடம் கழித்து அதை என்னிடம் தந்தார். அன்று என் மேசையில் பெற்றோமக்ஸ் ஒன்று கழற்றிக் கிடந்தது. அதைச் சூடாக்க வைத்திருந்த ஸ்பிரிட் போத்தல் கைக்கெட்டிய தூரத்தில். மெஷின் மேனியெல்லாம் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகப் படிந்திருந்தது. துணியை நனைத்து ஓர் இழுவை இழுத்தேன். துணியில் மஞ்சள் வந்தது. அழுக்குக் கழலுகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன். வந்துகொண்டிருந்தது அரக்கு. அதற்கு அடுத்ததாகப் பொன் வந்தது. சிங்கத்தின் முகமும் ஒரு சிறகில் பாதியும் துணியோடு போய்விட்டன. சுற்றியிருந்த கறுப்பு, ஈரம் காய்ந்ததும் சாம்பல் பூத்து நின்றது.

பெரியம்மா ஏசவில்லை. அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தைக்குமோ?" என்று மட்டும் கேட்டார். தைத்தது. ஆனால் இத்தனை இடப்பெயர்வுக்கும் தப்பிய ஒன்றை இரண்டு நிமிடத்தில் அழித்தேனே என்ற எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. பழைய மெஷின் துடைக்க என்று கேட்கிற பிள்ளைகளிடம் ஸ்பிரிட்டையும் தின்னரையும் தூக்கிக் கொடுத்து அனுப்புகிறவர்களைக் கண்டால் அந்த எரிச்சல் கூடுகிறது.

போனது போனதுதான். ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் நகரில் சிங்கருக்கு இருந்த பெரிய தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. நகல் ஒட்டுப்படங்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஒட்டலாம். ஆனால் பெரியம்மா தொடவிடாமல் காத்த பொன் அதுவல்ல.

சரி, எப்படித் துடைப்பது? தையல் மெஷின் எண்ணெயும், பலமுறை தோய்த்து மெத்தென்று ஆன சாரத் துண்டும் போதும். எண்ணெயைத் தாராளமாகப் பூசி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அழுத்தாமல் துடையுங்கள். திரும்பவும் பூசுங்கள். நான்கைந்து நாள் எடுக்கும், எடுக்கட்டும். முதலில் படம் இல்லாத அடிப்பக்க ஓரத்தில் செய்து பாருங்கள். துணியில் பொன் மினுங்கினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். ஊசிக்கு முன்னால் உள்ள இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: தைத்த துணியெல்லாம் வருடக்கணக்காக உரசி அங்கே மேல்பூச்சு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், படம் காப்பின்றி நிற்கும். கண்ணாடி துடைக்கிற அமோனியாத் திரவமும் பித்தளை மினுக்குகிற பிராசோவும் இந்த மேனியில் படவே கூடாது. கழற்றி எடுத்த வெறும் இரும்புப் பாகங்களை ஊறப்போட மட்டும் மண்ணெண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள், பிசின் இளகிவிடும்.

தேங்காய் எண்ணெய்

மெஷினுக்குள் விடாதீர்கள். அந்தப் பிசினே அதனால் வந்ததுதான்.

வால்வு ரேடியோவை வாங்கிய அன்றே மாட்டிப் பார்ப்பது

ஆசை எனக்கும் விளங்குகிறது. டயலில் எழுதிய ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் வெளிச்சம் வருவதைப் பார்க்கக் கை துடிக்கும். ஆனால் உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கிற கடதாசிக் கப்பாசிட்டர்கள் இத்தனை வருடமாக ஈரம் குடித்துக் கசிகின்றன. மின்சப்ளைப் பக்கத்துப் பெரிய கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். நேராக 230 வோல்ட்டைக் கொடுத்தால், மாற்றக்கூடிய ஒரு சின்னச் சாமான், மாற்றுக் கிடைக்காத ட்ரான்ஸ்போர்மரையும் எரித்துவிட்டுப் போகும்.

முதலில் கப்பாசிட்டர்களையும் ரப்பர் உதிர்ந்த துணி வயரையும் மாற்றுங்கள். அப்புறம் 60 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராக, அதாவது ரேடியோவுக்குப் போகிற மின்சாரம் பல்ப் வழியாகவே போகும்படி, போட்டு மாட்டுங்கள். பல்ப் ஒருமுறை எரிந்து மங்கினால் நல்ல குறி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட். இழை பல்ப் அருகிவிட்டது, கண்ட இடத்தில் இரண்டு வாங்கி வையுங்கள். இன்னொன்று: ட்ரான்ஸ்போர்மர் இல்லாத ரேடியோக்களில் உள்ளே உள்ள உலோகச் சட்டமே மின்கம்பியோடு தொடுத்திருக்கும். பிளக் மாறிப்போனால் குமிழ்ப்பிடியின் ஆணியைத் தொட்டாலும் உயிர் போகலாம்.

உப்பை விட்டுத் துருவைத் துடைப்பது

இது நம் ஊருக்கென்றே உள்ள தவறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் இருந்து வருகிற சாமானும், 2004 சுனாமியில் மூழ்கி எழுந்த சாமானும் வேறு மாதிரி. மேல் துருவை எமரித் தாளால் உரசி எண்ணெய் பூசினால் அன்றைக்குப் பளபளக்கும். துருவுக்குள் இருக்கும் உப்பு போகாது. மாரி தொடங்க, எண்ணெய்க்கு அடியிலேயே மீண்டும் அரிக்கும். பெயின்ட் இல்லாத பாகங்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றி, வெயிலில் ஒரு சொட்டு ஈரமின்றிக் காயவைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் மழைத் தண்ணீர்.

மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ்

குழாயை அறுக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அமோனியா.

தலையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது

வார்ப்பிரும்புக் காலைப் பழைய இரும்புக்காரர் சம்மட்டியால் உடைத்து நிறுத்துவிடுவார். கின்னியாவில் எனக்குப் பழக்கமான நானா ஒருவர் இப்போது உடைக்க முன் எனக்குப் போன் எடுக்கிறார். அந்தப் பழக்கத்தை உண்டாக்க இரண்டு வருடம் அவரிடம் போய்த் தேத்தண்ணி குடிக்க வேண்டியிருந்தது. காலை விட முக்கியம் லாச்சிகள். நீள ஷட்டில் மெஷினுக்கு அந்த ஷட்டில் இல்லாவிட்டால் ஒரு தையலும் விழாது, கடையிலும் லேசில் கிடைக்காது. அது அநேகமாக லாச்சிக்குள்தான் இருக்கும்.

சாம்பல்தீவுத் தம்பியின் மெஷினிலும் ஷட்டில் இல்லை. மேசை எங்கே என்று கேட்டேன். வாங்கிய வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்த நாளே இருவரும் போனோம். இரண்டாவது லாச்சியில், பொத்தான்களுக்கும் பாதி உருகிய சோக்குக்கட்டிக்கும் நடுவில், நூல் சுற்றியபடியே கிடந்தது.