கார்பைடில் வைரப் பூச்சு: சேம்பரை மூடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

டங்ஸ்டன் கார்பைடில் செய்த வெட்டும் கருவியின் (டூலின்) மேல், மூடிய சேம்பரில் மீத்தேன் கலந்த வாயுவைச் சூடான கம்பியால் (ஃபிலமென்ட்) பிளந்து வைரப் படலம் வளர்க்கிறோம். அந்தப் பூச்சு உரிந்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது மீத்தேன் அளவில்தான். 2 சதவீதத்தை 1 ஆக்கிப் பார்ப்பார்கள், அழுத்தத்தை மாற்றுவார்கள், ஃபிலமென்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருவார்கள். வைரம் என்னவோ நன்றாகத்தான் வளர்ந்திருக்கும். கெட்டது பெரும்பாலும் அதற்கு முன்னால், ஆசிட் பீக்கர் இருந்த மேஜையில். ஆகவே ரெசிப்பியைத் தொடுவதற்கு முன் உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதன் அடிப்பக்கத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருக்கிறதா, கார்பைடு துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றனவா, இல்லை குழிகுழியாக இருக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கறுப்பு என்றால் கோபால்ட்தான். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைப் பிடித்து வைத்திருப்பதே கோபால்ட், அது இல்லாமல் டூலே கிடையாது. ஆனால் 800 டிகிரி சூட்டில் கார்பனைக் கண்டால் அதை வைரமாக விடாமல் கிராஃபைட்டாக மாற்றிவிடும், கொஞ்சத்தைத் தனக்குள் கரைத்தும் கொள்ளும். நடுவில் ஒரு மெல்லிய கரிப்படலம் வந்துவிட்டால் மேலே எவ்வளவு நல்ல வைரம் இருந்தும் பயனில்லை. இங்கே முதல் தவறு, கையில் கிடைத்த கார்பைடை எடுத்துக்கொள்வது. உடையாமல் தாங்கும் என்று 10, 12 சதவீதக் கோபால்ட் உள்ள கிரேடை எடுத்தால் கடைசிவரை அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். 6 சதவீதமோ அதற்குக் கீழோ போதும்.

அடுத்தது அரிப்பு. வழக்கமான முறையில் இரண்டு படி உண்டு. முதலில் முரகாமி கரைசல்: பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி. இது கார்பைடு துகள்களை அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும், பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும், கூடவே கோபால்ட்டும் வெளியே தெரியவரும். அப்புறம்தான் கேரோ அமிலம், அதாவது கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது, அந்தக் கோபால்ட்டை எடுக்க. வரிசையை மாற்றினால் இரண்டாவது அரிப்பு புதிதாகக் கோபால்ட்டைத் திறந்துவிட்டுப் போய்விடும்.

இதில் உயிருக்கே ஆபத்தான தவறுகள் இரண்டு. ஃபெரிசயனைடு மிச்சம் அமிலத்தில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரக்கூடும், ஆகவே இடையில் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், இரண்டு கழிவையும் ஒரே கேனில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அசிட்டோனில் கழுவிய டூலை ஈரத்தோடு கேரோ அமிலத்தில் போடுவதும் வேண்டாம், அந்தக் கலவை வெடிக்கக்கூடியது. அவசரத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

துண்டின் அடியில் கார்பைடு துகள்கள் ஒட்டியிருந்தால் நீங்கள் அளவுக்கு மீறி அரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கேரோ அமிலத்தில் சில விநாடிகள், பத்து விநாடி வாக்கில், போதும். கோபால்ட் முழுசாகப் போகட்டும் என்று நிமிடக்கணக்கில் ஊறவைத்தால் மேலே சில மைக்ரான் ஆழத்துக்கு ஒட்டே இல்லாத, பொத்தலான ஒரு அடுக்கு உருவாகும். சுண்ணாம்பு உதிரும் சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரிதான், பெயிண்ட் சுண்ணாம்பை விடாது, சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும்.

குழிகள் தெரிந்தால் விதைப்பில் கோளாறு, அதாவது வைரம் வளரத் தொடங்குவதற்காக மேற்பரப்பில் நுண்ணிய வைரத்துகள்களைப் பதிக்கும் வேலையில். அல்ட்ராசோனிக் பாத்தில் நானோ வைரத்தூள் கரைசலில் வைத்து எடுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10^10 அளவில் விதைகள் உட்காரும். பழைய கரைசலில் தூள் கட்டிதட்டிப் போயிருந்தால் விதைகள் திட்டுத்திட்டாக விழும், வைரம் மேலே மூடிக்கொள்ளும்போது அடியில் வெற்றிடம் தங்கிவிடும். விதைத்த பிறகு விரல் படக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் படுகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் உரிகிறதா? வெப்பநிலையைச் சந்தேகப்படுங்கள். 900 டிகிரியைத் தாண்டினால் அடியில் மிச்சமிருக்கும் கோபால்ட் மேலே ஏறி வந்துவிடும், அரித்ததெல்லாம் வீண். தட்டையான இன்சர்ட்டில் (வெட்டும் சில்லில்) அளந்த வெப்பநிலையை நம்பி, மெல்லிய கம்பி போன்ற எண்ட் மில் டூலை அதே இடத்தில் நிறுத்துவது பலர் செய்வது. ஃபிலமென்டுக்கு அருகே நிற்கும் மெல்லிய நுனி அதைவிடச் சூடாகலாம். தொடாமலே ஒளியை வைத்துச் சூட்டை அளக்கும் பைரோமீட்டரும் பூச்சு வளர வளர வேறு எண்ணைக் காட்டத் தொடங்கும், ஏனென்றால் அது பார்க்கும் மேற்பரப்பே மாறிக்கொண்டிருக்கிறது.

தடிமன் கூடினால் ஆயுள் கூடும் என்பதும் ஓரளவுக்குத்தான். வைரம் டிகிரிக்குச் சுமார் 1 மைக்ரான்/மீட்டர் விரியும், கார்பைடு ஏறக்குறைய 5. ஆறும்போது கார்பைடு அதிகமாகச் சுருங்கி வைரத்தை நெருக்கும், தடிமன் ஏற ஏறப் பூச்சில் தேங்கும் ஆற்றலும் ஏறும், கடைசியில் கூர் விளிம்பில்தான் வெடித்துக் கிளம்பும். மெதுவாக ஆறவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. திடீர் அதிர்ச்சியை அது தவிர்க்கும், அவ்வளவுதான். சுருக்க வித்தியாசம் அப்படியே இருக்கும். வெட்டும் டூலுக்குப் பொதுவாக 6 முதல் 12 மைக்ரான் போதும், விளிம்பை முன்கூட்டியே லேசாக உருட்டிவிடுங்கள். இரும்பில், ஸ்டீலில் நேராக வைரம் வளர்க்கப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்: இரும்பும் கோபால்ட் செய்யும் வேலையைத்தான் செய்யும், விரிவும் 11, 12 என்று இருக்கும். குரோமியம் நைட்ரைடு போல இடையில் ஒரு அடுக்கு இல்லாமல் அது நிற்காது.

சோதனைக்கு வருவோம். லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் சோதனையில் 1332 cm⁻¹-இல் கூர்மையான சிகரம் வந்தால் வைரம் நல்ல வைரம், ஒட்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. டேப் ஒட்டி இழுப்பதும் எதையும் நிரூபிக்காது. கடினத்தன்மை அளக்கப் பயன்படும் ராக்வெல் குத்தியைக் கொண்டு 60 கிலோவில் ஒன்று, 150 கிலோவில் ஒன்று குத்தி, தடத்தைச் சுற்றி வெறும் விரிசலா, பூச்சே பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான இடத்தில் மட்டும் குத்திவிட்டு முடித்துக்கொள்ளாமல் ஒரு டூலைச் சிலிக்கான் கலந்த அலுமினியத்திலோ கிராஃபைட்டிலோ ஓட்டி விளிம்பைப் பாருங்கள். ஸ்டீலில் ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்தச் சூட்டில் இரும்பே வைரத்தைத் தின்றுவிடும், பிறகு பழி பூச்சின் மேல் விழும்.