எமிலியா-ரொமாஞாவில் குழுவோடு ஓர் உணவுச் சுற்றுலா: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும், வழிகாட்டியோடு செல்லும் 14 பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்து, இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் ஏழு இரவுகள் தங்கி, அங்கே சாப்பிடப்படும் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்துவிட்டு வந்தோம். நான் அசைவம் உண்பவன். என் மனைவி பிறந்தது முதல் சைவம். பணம் கட்டுவதற்கு முன் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் தோன்றியவற்றை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். விமானச் சீட்டு, யூரோ மாற்றுவது போன்றவற்றை எழுதப் போவதில்லை.

படி 1: ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

"எட்டு நாளில் இத்தாலி முழுவதும்" என்னும் சுற்றுலாக்களில் ரோம், வெனிஸ், மிலன் எல்லாம் வந்துவிடும். ஆனால் சாப்பாடு என்பது பேருந்து நிற்கும் இடத்தில் கிடைப்பதாகவே இருக்கும். உணவை அறிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் ஒரு பகுதிக்குள் தங்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதன்முறை செல்பவர்களுக்கு நான் எமிலியா-ரொமாஞாவைச் சொல்வதற்குக் காரணம் அதன் நில அமைப்பு. கி.மு. 187-இல் ரோமானியர் போட்ட எமிலியா சாலை, ரிமினியிலிருந்து பியாச்சென்சா வரை ஏறக்குறைய நேர்கோடாகச் செல்கிறது. பொலோஞா, மோடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா ஆகிய நகரங்கள் அந்தச் சாலையின் மேலேயே அமைந்திருப்பதால், பொலோஞாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பெட்டியை மூட்டை கட்டாமலேயே தினமும் ஒரு திசையில் சென்று இரவுக்குள் திரும்பிவிடலாம். மோடெனா ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். பார்மாவுக்கு ஒரு மணி நேரம் போதும்.

விடுதி பழைய நகரத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான பழைய நகரங்களில் வண்டிகளுக்குத் தடை உள்ள பகுதி உண்டு. பேருந்து வெளியே நின்றுவிடும், பெட்டியைக் கல் பாவிய தெருவில் நீங்களேதான் இழுக்க வேண்டும். இருந்தாலும் உள்ளே தங்குவதுதான் என் விருப்பம். பொலோஞாவின் தெருக்களில் தூண் வைத்த மேற்கூரை நடைபாதைகள் கிலோமீட்டர் கணக்கில் தொடர்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அவற்றின் அடியில், மழை பெய்தாலும் குடையில்லாமல் விடுதிக்கு நடந்து வந்துவிடலாம்.

படி 2: பயண நிரலை மணிக்கணக்கில் படியுங்கள்

நாள்வாரியாகப் படித்தால் எல்லா நிறுவனங்களின் நிரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மணிக்கணக்கில் படித்தால்தான் வேறுபாடு தெரியும். நாங்கள் முதலில் பார்த்த ஒரு நிரலில், பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிப் பட்டறைக்கான நேரம் பிற்பகல் 3 மணி என்று இருந்தது. அந்த நேரத்துக்குப் போனால், கழுவிவிட்ட தரையையும் சக்கர வடிவில் அடுக்கிவைத்த பாலாடைக்கட்டிகளையும் மட்டுமே பார்க்க முடியும். முந்தைய மாலை கறந்த பாலை இரவெல்லாம் அகலத் தொட்டிகளில் விட்டு, மேலே திரளும் ஆடையை எடுத்துவிட்டு, அதிகாலையில் கறந்த முழுப்பாலோடு கலந்து, செம்புக் கொப்பரைகளில் காய்ச்சுவதுதான் அங்குள்ள முறை. எனவே வேலை முழுவதும் காலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நிரலில் பட்டறை நேரம் 8 அல்லது 9 மணி என்று இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

அதேபோல, ஒரு நாளில் இரண்டு சுவைத்தல் நிகழ்ச்சிகளுக்கு மேல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மூன்றாவது இடத்தில் நாக்கும் வேலை செய்யாது, கவனமும் இருக்காது.

படி 3: காலமும் விசாவும்

ஆகஸ்ட் வேண்டாம். அந்த மாதம் 15-ஆம் தேதியை ஒட்டிப் பல குடும்ப உணவகங்கள் விடுமுறைப் பலகையைத் தொங்கவிட்டு மூடிவிடுகின்றன. செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் சிறந்தவை. திராட்சை அறுவடை முடிந்து, மோடெனாவின் காடிக்கான (வினிகர்) திராட்சைச் சாறு காய்ச்சும் காலம் அது.

இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். குழுவோடு போனாலும் ஒவ்வொருவர் பெயரும் உள்ள விடுதி உறுதிக் கடிதத்தை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். சுற்றுலா முடிந்ததும் பாரிஸில் உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 4: "சைவம்" என்று மட்டும் எழுதாதீர்கள்

நாங்கள் இடறி விழுந்த படி இது என்பதால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முன்பதிவுப் படிவத்தில் உணவு விருப்பம் என்னும் கட்டத்தில் சைவம் என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். இரண்டாம் நாள் மதியம், பொலோஞாவில் ஒரு சிறிய உணவகத்தில், மற்றவர்களுக்கு இறைச்சிப் பூரணம் வைத்த சிறு பாஸ்தாவான தொர்த்தெல்லீனியும் என் மனைவிக்கு மட்டும் பஸ்ஸதெல்லி என்னும் வேறொரு பதார்த்தமும் வந்தன. ரொட்டித் தூள், பார்மிஜானோ, முட்டை, சிறிது ஜாதிக்காய் ஆகியவற்றைப் பிசைந்து, நம் தேன்குழல் அச்சு போன்ற ஒன்றில் இட்டு, கொதிக்கும் சாற்றுக்குள் நேராகப் பிழிவார்கள். பார்ப்பதற்குத் தடித்த இடியாப்பம் சாற்றில் மிதப்பதுபோல் இருக்கும். பரிமாறியவர் இதில் இறைச்சி இல்லை என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். கேக்கில் சேரும் முட்டைக்கு ஏற்கெனவே பழகியிருந்த என் மனைவி மூன்று கரண்டி சாப்பிட்ட பிறகுதான், மேலே மிதந்த எண்ணெய் வட்டங்களைப் பார்த்து, இந்தச் சாறு எதில் வைத்தது என்று கேட்டார். மாட்டிறைச்சியும் சேவல் கறியும் என்று பதில் வந்தது. ஏமாற்றும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. கடித்துத் தின்னும் துண்டு இல்லையென்றால் இறைச்சி இல்லை என்பது அந்தச் சமையற்கட்டின் கணக்கு. அதே பானையில் கொதித்த சாறு நமக்கு இறைச்சிதான்.

அன்று இரவே எங்கள் வழிகாட்டி அம்மையார் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரியைத்தான் நீங்களும் பயணத்துக்கு முன்பே இத்தாலிய எழுத்தில் அச்சிட்டு, ஒரு படியை நிறுவனத்துக்கு அனுப்பி, ஐந்தாறு படிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத வேண்டியது: "Non mangio carne, pesce, brodo di carne, strutto." உச்சரிப்பு இப்படி இருக்கும்: "நோன் மாஞ்சோ கார்னே, பெஷ்ஷே, புரோதோ தி கார்னே, ஸ்த்ருத்தோ." இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றை உண்பதில்லை என்பது பொருள். நான்காவது சொல்லை விட்டுவிடாதீர்கள். ரொமாஞாப் பக்கத்துத் தட்டை ரொட்டியான பியதீனாவின் மாவில் மரபாகப் பன்றிக் கொழுப்புதான் சேரும். உப்பிய பூரிபோல மேசைக்கு வரும் ஞோக்கோ ஃபிரித்தோவைப் பொரிப்பதும் பெரும்பாலும் அதே கொழுப்பில்தான். பூரியைக் கண்டதும் நம் கை தானாக நீளும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆலிவ் எண்ணெயில் செய்த பியதீனாவும் கிடைக்கும், கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது பார்மிஜானோ. அதில் சேர்வது பால், உப்பு, பாலை உறையவைக்கும் ரென்னட் ஆகிய மூன்று மட்டுமே. அந்த ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. விதியே அப்படித்தான் என்பதால், சைவப் பார்மிஜானோ என்று ஒன்று கிடையாது. இதை அறிந்த பின் என் மனைவி அதை ஒதுக்கிவிட்டார். எங்கள் குழுவில் இருந்த இன்னொரு சைவ அம்மையார் தொடர்ந்து சாப்பிட்டார். இது அவரவர் முடிவு. ஆனால் அந்த முடிவைப் பட்டறை வாசலில் நின்று எடுக்காமல், வீட்டிலேயே எடுத்துவிட்டு வருவது நல்லது.

தொலைபேசி மொழிபெயர்ப்புச் செயலியைவிடக் காகிதச் சீட்டே எனக்குப் பிடித்தது. நெரிசலான மதிய நேரத்தில் பரிமாறுபவர் உங்கள் தொலைபேசித் திரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். சீட்டை வாங்கினால் நேராக உள்ளே கொண்டுபோய்ச் சமையற்காரரிடம் கொடுத்துவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் சைவர்களுக்கு என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும். ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும் உள்ளே வைத்த தொர்த்தெல்லோனி, பார்மாவின் கீரைத் தொர்த்தெல்லி, ஃபெர்ராரா பக்கத்துப் பரங்கிக்காய்க் கப்பெல்லாச்சி ஆகியவற்றை வெண்ணெயும் சால்வியா என்னும் நறுமண இலையும் சேர்த்துத் தருவார்கள். பார்மிஜானோவையும் விலக்குபவர்கள், உள்ளே வைக்கும் பூரணத்திலும் அது கலந்திருக்கும் என்பதால், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்தும் ஏமாற்றும்: தொர்த்தெல்லீனி என்றால் சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, தொர்த்தெல்லோனி என்றால் பெரியது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா.

படி 5: போன இடத்தில் எதைக் கவனிப்பது

பாலாடைக்கட்டிப் பட்டறையில் எல்லோரும் சேமிப்புக் கிடங்கின் முன் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். நீங்கள் கொப்பரைக்கு அருகில் நில்லுங்கள். உறைந்த பாலைக் கம்பிக் கருவியால் அரிசி மணி அளவுக்கு உடைத்து, 55 பாகை வரை சூடேற்றி, அடியில் படியவிடுவார்கள். ஒரு மணி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு இருவர் குனிந்து, நீண்ட மரத்துடுப்பால் அடியிலிருந்து ஒரு பெரிய வெள்ளை உருண்டையை எழுப்பி, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். அந்த இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் என்றே அழைக்கிறார்கள். ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் செலவாகிறது. முடிவில் எடை 40 கிலோ அளவில் நிற்கும். பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு சோதனையாளர் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். உள்ளே வெடிப்பு இருந்தால் ஓசை மாறும். எங்களையும் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு எல்லாம் ஒரே ஓசையாகத்தான் கேட்டது.

இந்தச் சமவெளியின் மாட்டுத் தொழுவங்களில் வேலை செய்பவர்களில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ரெஜ்ஜோ எமிலியாவுக்கு வடக்கே நொவெல்லாராவில் அவர்களது பெரிய குருத்வாரா உள்ளது. வழிகாட்டியிடம் கேட்டால் பேருந்து அவ்வழியே போகவும் கூடும்.

மோடெனாவின் காடிக்கூடம் வீட்டுப் பரணில் இருக்கும். கோடையின் வெப்பமும் குளிர்காலக் குளிரும் மாறி மாறிப் படவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம். காய்ச்சிய திராட்சைச் சாறு பெரிய பீப்பாயிலிருந்து சிறிய பீப்பாய்க்கு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது. மரபுவழிப் பால்சாமிகோ என்னும் பெயருக்குக் குறைந்தது 12 ஆண்டுகள், எக்ஸ்த்ராவெக்கியோ என்பதற்குக் குறைந்தது 25 ஆண்டுகள் ஆக வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஒயின் காடி கலந்த வேறு பொருள். அதற்கு 60 நாள்களே போதும். உண்மையானது உருண்டை வடிவ 100 மில்லி புட்டியில் மட்டுமே வரும் என்பதால் ஏமாற வாய்ப்பு குறைவு.

பார்மாவுக்கு அருகே லங்கிரானோவில், பார்மா ஹாம் என்னும் உப்பிட்ட பன்றித்தொடையை உலர்த்தும் கூடத்துக்குப் போகும் ஒன்றரை மணி நேரத்தில் சைவர்கள் என்ன செய்வார்கள் என்று நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். அருகிலேயே தொர்ரெகியாரா கோட்டை இருக்கிறது. என் மனைவியும் வேறு மூவரும் அங்கே இறங்கிக்கொண்டார்கள். உள்ளே போன நான், சோதனையாளர் குதிரை எலும்பு ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து மூக்கருகே கொண்டுபோவதை நான்கைந்து முறை பார்த்தேன்.

மாவு உருட்டும் வகுப்பு எல்லாச் சுற்றுலாக்களிலும் உண்டு. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, நீண்ட உருளைக்கட்டை, அவ்வளவே. சப்பாத்தி உருட்டிப் பழகிய கைகள் நடுவிலிருந்து வட்டமாகத்தான் உருட்டும். இங்கே மாவைக் கட்டையில் சுற்றிச் சுற்றி நீட்ட வேண்டும். தால்யதெல்லே என்னும் நாடா வடிவப் பாஸ்தா வெந்த பின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் பொலோஞா வணிக மன்றத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது தாழம்பாய் அகலத்துக்கு வந்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்த நண்பர்கள் கேட்டவற்றை இங்கே சேர்க்கிறேன். வெங்காயம், பூண்டு உண்ணாதவர்கள் தக்காளிக் குழம்புகளை நம்ப வேண்டாம். பலவற்றின் தொடக்கமே வெங்காயம், கேரட், செலரியை வதக்குவதுதான். வெண்ணெயும் சால்வியாவும் சேர்த்ததையே கேளுங்கள். முட்டையும் கூடாது என்றால், கையால் உருட்டிய பாஸ்தா அனைத்தையும் விட்டுவிட்டு, ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த உலர்பாஸ்தா கேட்க வேண்டும். உணவகம் பெருமைக்காக அதை வைத்திருக்காமலும் போகலாம் என்பதால் ஒரு நாள் முன்பே உணவகத்துக்குச் சொல்லிவிடுமாறு வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

வயதான பெற்றோரோடு போகலாமா என்று ஒருவர் கேட்டார். போகலாம். பொலோஞாவில் சான் லூக்கா தேவாலயத்துக்கு ஏறும் 666 வளைவுகள் கொண்ட நடைபாதைதான் கடினம். நகர மையத்திலிருந்து அங்கே செல்லும் சிறு சுற்றுலா வண்டியில் அவர்களை ஏற்றிவிடலாம். உங்கள் நிரலில் அதே நகரின் அசினெல்லி கோபுரத்தின் 498 படிகளை ஏறுவதாக எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பக்கத்துக் கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு குறித்த அச்சத்தால் 2023 அக்டோபரில் அந்த இடம் மூடப்பட்டது. பழைய நிரலையே தேதி மாற்றி அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, பிறகு முன்பணம் கட்டுங்கள்.