காரைக்குடி, தேவகோட்டை மழைக்கணக்கை ஊடாடும் வரைபடமாக்கி இணையத்தில் பகிர்வது

எக்செல் தாளில் மூன்றே பத்தி போதும்: தேதி, ஊர், மழை (மி.மீ.). சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் ஊர்ப்பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் (அட்டவணையைப் படிக்க), பிளாட்லி (வரைபடம் வரைய) என்ற இரண்டு நிரல்தொகுப்புகளையும் நிறுவிக் கோப்பைத் திறக்கலாம். பெரும்பாலானோர் சறுக்குவது தேதியில்தான். 03-11-2023 என்பதைப் பாண்டாஸ் மார்ச் 11 என்று படித்துவிடும். ஐப்பசி அடைமழை கோடையில் போய் உட்காரும். படிக்கும்போதே 'பார்ஸ் டேட்ஸ்' அமைப்பில் தேதிப் பத்தியைக் குறிப்பிட்டு, 'டே ஃபர்ஸ்ட்' அமைப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். அளவெடுக்காத நாளில் 0 போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். மழை இல்லாததும் கணக்கு இல்லாததும் ஒன்றல்லவே.

மழைக்குக் கோட்டு வரைபடத்தைவிடப் பட்டை வரைபடமே பொருத்தம். கிடை அச்சில் தேதி, நிறத்துக்கு ஊர், பட்டை முறை 'குரூப்'. அதை விட்டால் இரண்டு ஊர் மழையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே ஊரில் கொட்டியதுபோல் தெரியும்.

பிறகு 'ரைட் எச்டிஎம்எல்' கட்டளையால் சேமியுங்கள். பிளாட்லி நிரலும் உள்ளேயே சேர்வதால் கோப்பு சில எம்பி வரும். 'இன்க்லூட் பிளாட்லி ஜேஎஸ்' என்பதற்கு 'சிடிஎன்' (நிரலை இணையத்திலிருந்து எடுக்கும் வழி) கொடுத்தால் சில கேபிதான். ஆனால் பார்ப்பவருக்கு இணையம் வேண்டும்.

கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்டு கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி, அமைப்புகளில் 'பேஜஸ்' வசதியை இயக்குங்கள். இலவசக் கணக்கென்றால் களஞ்சியம் (கோப்பை ஏற்றிய இடம்) எல்லோரும் பார்க்கக்கூடிய 'பப்ளிக்' வகையாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். பல கைபேசிகளில் எச்டிஎம்எல் கோப்பு ஒழுங்காகத் திறக்காது.