கப்பல் பயணத்தை நேரக் கணக்கோடு திட்டமிடுவது எப்படி?

கப்பல் பயண விளம்பரங்களில் ஊர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த ஊர்களில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது அட்டவணையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் படிக்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான். 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் ரோமுக்குப் போவதில்லை. அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில்தான் நிற்கும். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோ, பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், பெர்லின் என்றால் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டே, பாங்காக் என்றால் பெரும்பாலும் லேம் சபாங். லே ஹாவ்ரிலிருந்து பாரிஸுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். வார்னமுண்டேயிலிருந்து பெர்லினுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்றால் 11 மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நின்று கரையில் கால் வைக்க ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும் என்பதால் இன்னொரு மணி நேரம் போகும். ரோமுக்குப் போய்வர மூன்று மணி நேரம், வழியில் தாமதமானால் சமாளிக்க ஒன்றரை மணி நேரம். மிஞ்சுவது நாலரை மணி நேரம். இதே கணக்கைப் பாரிஸுக்குப் போட்டால் இரண்டரை மணி நேரம்கூடத் தேறுவது கடினம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் அந்தப் பயணம் பிடித்திருந்தால் தாராளமாகப் பணம் கட்டலாம். ஏழு நாளில் ஆறு துறைமுகங்கள் என்று ஓடும் பயணத்தைவிட, நான்கே துறைமுகங்களில் நின்று, அவற்றுள் ஒன்றில் இரவும் தங்கும் பயணமே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

முன்பதிவு

விளம்பரத்தில் காணும் கட்டணம், பெரும்பாலும் இருவர் சேர்ந்து தங்கும் சன்னலில்லாத உள் அறைக்கு, ஒரு நபருக்கான தொகை. தனியாகப் போகிறவர் பல நேரங்களில் ஏறத்தாழ இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கொடுக்க நேரிடும். இதன்மேல் துறைமுக வரிகள், நாள்தோறும் தானாகச் சேரும் பணியாளர் டிப்ஸ், இணைய வசதி, பானங்கள், கரைச்சுற்றுலாக்கள் எல்லாம் சேரும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இவை அனைத்தையும் கூட்டி, மொத்தத் தொகையைப் பயண நாட்களால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தோன்றிய பயணம் பல நேரம் மலிவாக இருக்காது.

அடுத்தது, இணையதளத்தில் பதிவு செய்யும் பாடு. ஒரு மாலை, நால்வரின் விவரங்களையும் அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பி, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினேன். 'இந்த அறை இப்போது கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தது. நான் வேறு அறையைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் பணம் செலுத்தினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு அறைகளுக்கும் முன்பணம் கழிந்திருந்தது. ஒன்றைத் திரும்பப் பெற மூன்று வாரங்களும் எண்ணற்ற தொலைபேசி அழைப்புகளும் தேவைப்பட்டன. அதனால் சொல்கிறேன்: திரை தடுமாறினால் இரண்டாவது முறை அழுத்தாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா, மின்னஞ்சலில் பதிவு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் தெரிந்ததைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசுங்கள். பல நிறுவனங்கள் முன்பணம் இல்லாமலே ஓர் அறையை ஒரு நாள் போல ஒதுக்கி வைக்கும், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

பயண முகவர் மூலம் பதிவு செய்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தப் பதிவு முகவரின் பொறுப்பில் இருப்பதால், பிற்பாடு எந்த மாற்றத்துக்கும் கப்பல் நிறுவனம் உங்களை அவரிடமே திருப்பி அனுப்பும். அனுபவமுள்ள நல்ல முகவர் கிடைத்தால் அது வரம்; தொலைபேசியை எடுக்காதவர் கிடைத்தால் நீங்கள் அல்லாட வேண்டியதுதான். முன்பணம் கட்டும் முன் இரண்டு தேதிகளை எழுதி வாங்குங்கள்: மீதித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசி நாள், ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பும் கடைசி நாள். மீதித் தொகைக்கான கெடு பொதுவாகப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு வரும். அதற்குள் கட்டணம் குறைந்தால் பல நிறுவனங்கள் புதிய விலைக்கு மாற்றித் தரும். கெடு தாண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் பால்கனி வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்பதைத் தள வரைபடத்தில் பார்ப்பது அதைவிட முக்கியம். ஒரு பயணத்தில் என் அறை காலை உணவுக் கூடத்துக்கு நேர் கீழே அமைந்துவிட்டது. அதிகாலை ஐந்து மணிக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஒலி கூரை வழியாக ஒவ்வொரு நாளும் கேட்டது. பத்து இரவுகளில் ஒன்றில்கூட விடியும்வரை உறங்கவில்லை. மேலும் கீழும் பயணிகளின் அறைகளே உள்ள தளம் அமைதியானது. அலையாட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் உள்ள அறையைக் கேட்க வேண்டும். முன்முனையிலும் மேல்தளங்களிலும் ஆட்டம் கூடுதலாக இருக்கும். அறை எண்ணை நிறுவனமே பின்னர் தீர்மானிக்கும் வகைப் பதிவு விலை குறைவுதான். ஆனால் எந்த மூலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனம் உள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

விசாவைப் பொறுத்தவரை பாதையை ஒவ்வொரு நாடாகப் பின்தொடர்ந்து பாருங்கள். ஷெங்கன் நாடு ஒன்றில் (ஒரே பொது விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு) ஏறி, இடையில் துருக்கியிலோ மொராக்கோவிலோ நின்று, மறுபடியும் ஷெங்கன் நாட்டுக்கு வரும் பயணத்துக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதங்கள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் கேட்கின்றன. கப்பல் புறப்படும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். உங்கள் விமானம் தாமதமானது என்பதற்காகக் கப்பல் காத்திருக்காது. காப்பீட்டை முன்பணம் கட்டிய உடனே எடுங்கள். நடுக்கடலிலிருந்தோ அயல்நாட்டுத் துறைமுகத்திலிருந்தோ நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

ஏறும் நாள்

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வர மாலையாகிவிடலாம். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், மாற்றுடை ஆகியவை தோள்பையில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற சூடேறும் சாதனங்களைத் தீ விபத்து அச்சத்தால் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். கடலில் கப்பலின் சொந்த அலைபேசி வலையமைப்பில் தானாக இணைந்துவிட்டால் வரும் கட்டணம் கண்ணைக் கட்டும்.

பாதுகாப்புப் பயிற்சியை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2012 ஜனவரி 13 அன்று சிவிட்டாவெக்கியாவிலிருந்து புறப்பட்ட கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல், சில மணி நேரத்தில் இத்தாலியின் ஜிக்லியோ தீவின் அருகே பாறையில் மோதியது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகளில் நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அந்த விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ பயிற்சி நடக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தை அறிவிக்கும் ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பதை உங்கள் அறையிலிருந்து ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் அதற்குப் பெரும்பாலும் நோரோவைரஸே காரணம். கையில் தடவும் ஆல்கஹால் திரவம் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கரையில் இறங்குதல்

கரையைச் சுற்றிப் பார்க்க மூன்று வழிகள் உண்டு: கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலா, வெளியார் நடத்தும் சுற்றுலா, நீங்களாகவே சுற்றுவது. கப்பல் விற்கும் சுற்றுலா விலை கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் அதன் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். மற்ற இரண்டு வழிகளிலும் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. இதற்கு நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் தூரம்தான். போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடமென்றால் கப்பலின் சுற்றுலாவில் போகிறேன். துறைமுகத்திலிருந்து நடந்தோ நகரப் பேருந்திலோ போகக்கூடிய இடமென்றால் யாருக்கும் பணம் கொடுக்காமல் நானே போகிறேன். நான்கைந்து பேர் சேர்ந்தால், மதிப்புரைகள் நன்றாக உள்ள உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவது இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழி. கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமல் போனால் பணம் திரும்புமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாத் துறைமுகங்களிலும் கப்பல் மேடையோடு அணைந்து நிற்பதில்லை. சில இடங்களில் தொலைவில் நங்கூரமிட்டு, 'டெண்டர்' எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவார்கள். கப்பலின் சுற்றுலா வாங்கியவர்கள் முதலில் இறங்குவார்கள். மற்றவர்கள் எண்ணிட்ட சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். கிரேக்கத் தீவான சாண்டோரினி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. படகு இறக்கிவிடும் பழைய துறைமுகம் செங்குத்தான எரிமலைப் பாறையின் அடியில் இருக்கிறது. ஊரான ஃபிரா அதன் உச்சியில் இருக்கிறது. ஏறுவதற்குக் கேபிள் கார் உண்டு, இல்லையேல் சுமார் 600 படிகள். காலையில் ஏறுவது எளிது. நான்கைந்து கப்பல்கள் வந்துள்ள நாளின் பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க நினைக்கும்போதுதான் சிக்கல். கேபிள் கார் வரிசை நிலையத்தை விட்டு வெளியே வந்து, கடைத்தெருவின் திருப்பங்களில் வளைந்து நீளும். நான் அந்த வரிசையின் வாலில் நின்று பார்த்துவிட்டுப் படிகளில் இறங்கினேன். தேய்ந்து வழுவழுப்பான கற்கள், மேலேறும் கழுதைகள், அவற்றின் சாணம். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அங்கே கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கேபிள் கார் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.

இனி கடிகாரம். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. அது கரையின் நேரத்தோடு எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. உங்கள் கைப்பேசி கரையின் வலையமைப்பைப் பிடித்ததும் தானாக மாறிவிடும். கரை நேரம் கப்பல் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியிருந்தால், கைப்பேசி நான்கு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து ஆகியிருக்கும். ஆகவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும் வாசலில் வைத்திருக்கும் பலகையில் திரும்ப வேண்டிய கடைசி நேரம் எழுதியிருக்கும்; அதைப் படம் பிடியுங்கள். அறைக்கு வரும் அன்றாடத் தாளில், கரையில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் இயங்கும் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதையும் படம் பிடியுங்கள்.

அப்படியும் கப்பலைத் தவறவிட்டால் அந்த முகவரைத்தான் உடனே அழைக்க வேண்டும். நேரம் நெருங்கியும் வராதவரின் அறையைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது கப்பல்களில் வழக்கம். அடுத்த துறைமுகத்துக்கான பயணமும் தங்குமிடமும் உங்கள் செலவு. பாஸ்போர்ட்டின் நகல், ஒரு கடன் அட்டை, ஒருநாள் மருந்து ஆகிய மூன்றும் கரைக்குப் போகும் பையில் இல்லாமல் நான் இறங்குவதே இல்லை.

காற்றோ அலையோ மிகுந்தால் மாலுமித் தலைவர் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகலாம். அந்த உரிமை பயண ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. டெண்டர் படகு தேவைப்படும் இடங்களில் இது அதிகம் நேரும். கப்பலில் வாங்கிய சுற்றுலாவின் பணம் திரும்பிவிடும், துறைமுக வரியும் பொதுவாகத் திரும்பும். பயணக் கட்டணத்தில் எதுவும் குறையாது. ஒரே ஓர் இடத்துக்காகவே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், அது டெண்டர் துறைமுகமா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் உடையை எடுத்து வைத்த பிறகே வையுங்கள். கணக்குச் சீட்டை அன்று மாலையே சரிபாருங்கள், காலையில் வரவேற்பு மேசையின் முன் நீண்ட வரிசை நிற்கும். திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பிறகு போட்டுக்கொண்டால், இறங்கும் வரிசையில் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது.