‘உங்களுக்கு என்ன தடை?’ என்று கேட்டுவிட்டு வராதீர்கள்

பெண்கள் சொந்தத் தொழில் தொடங்க எது தடையாக இருக்கிறது என்று கண்டறிய, கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாகத் தெருத்தெருவாகப் போவது நல்ல காரியம்தான். ஆனால் திரும்பி வந்து எழுதும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலீடு இல்லை, குடும்ப ஆதரவு இல்லை, தன்னம்பிக்கை குறைவு, விழிப்புணர்வு தேவை. இவற்றை எழுத வெயிலில் அலைய வேண்டியதே இல்லை. கோளாறு கேள்வித்தாளில் இருக்கிறது. நான்கு தடைகளை அச்சடித்துக் கொண்டுபோய் டிக் செய்யச் சொன்னால் அந்த நான்கும்தான் திரும்பி வரும்.

தடையைக் கேட்பதை விட்டுவிட்டு, பணம் போன வழியைக் கேளுங்கள். கடைசியாகச் சுய உதவிக் குழுக்கடன் எப்போது வந்தது? அன்று சாயங்காலம் அந்தப் பணம் யார் கையில் இருந்தது? முதலில் எதை வாங்கினீர்கள்? இந்த மாதத் தவணையை எந்த வரவிலிருந்து கட்டினீர்கள்? ‘குடும்ப ஆதரவு உண்டா’ என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்று சொன்ன அதே பெண், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது தன் பெயரில் எடுத்த கடன் கணவரின் ஆட்டோ பழுதுக்குப் போன கதையைச் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அவருக்கு அது தடையாகவே தோன்றியிருக்காது. குடும்பம் என்றால் அப்படித்தானே என்பார்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஆய்வு எவ்வளவு தூரம் திசைமாறும் என்பதற்கு இலங்கையில் ஒரு பாடம் இருக்கிறது. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் பெறுமான உதவியை மானியமாகக் கொடுத்துப் பார்த்தார்கள் பொருளியல் ஆய்வாளர்கள். ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் கூடியது. பெண்களுடையவற்றில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் திறமை போதாது என்று முடிவு கட்ட எவ்வளவு வசதி! ஆனால் 2019-ல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு, இதே தரவுகளோடு இந்தியா, கானா நாடுகளின் தரவுகளையும் எடுத்து, வீட்டில் வேறு யாரும் தொழில் நடத்துகிறார்களா என்று பிரித்துப் பார்த்தது. அந்தப் பெண்ணின் தொழில் மட்டுமே உள்ள வீடுகளில் முதலீட்டின் பலன் ஆண்களுடையதற்குக் குறையவில்லை. கணவரும் தொழில் நடத்திய வீடுகளில் பணம் அவருடைய தொழிலுக்குப் போயிருந்தது. பெண்ணின் கணக்கை மட்டும் பார்த்தால் பலன் இல்லை, வீட்டுக் கணக்கைப் பார்த்தால் விஷயம் வேறு. ஆகவே உங்கள் படிவத்தில் வீட்டில் உள்ள எல்லாத் தொழில்களுக்கும் இடம் விடுங்கள்.

அடுத்த தவறு, ‘நீங்கள் தொழில் செய்கிறீர்களா?’ என்று கேட்பது. வீட்டுத் திண்ணையில் தையல் எந்திரம் போட்டு, ஜாக்கெட் தைத்து, ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பவர் ‘இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பார். மாணவரும் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பின்னால் ஆணியில் அளவு ஜாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். போன வாரம் வெளியாருக்கு எதையாவது செய்து கொடுத்துக் காசு வாங்கினீர்களா என்று கேட்டிருந்தால் போதும். அவர் எத்தனை மணிக்குத் தைக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97. இரவு பத்து மணிக்குமேல் மட்டுமே எந்திரத்தில் உட்கார முடிகிறவரிடம் போய் ‘நேர மேலாண்மை’ப் பயிற்சி வேண்டுமா என்று கேட்பது கொஞ்சம் கொடுமை.

யாரைச் சந்திக்கிறோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் வேலை சுலபம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தான் பயன்படுத்தும் கைபேசி தன்னிடம் இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம்தான். அதில் விடுபட்டவர்கள் உங்கள் ஆய்விலும் விடுபடுவார்கள். சுய உதவிக் குழுவின் ஊக்குநர் வழியாகப் போனால், தவணை தவறாமல் கட்டுகிறவர்களாகப் பார்த்துத்தான் அழைத்து வருவார். அவர்மீது தப்பில்லை, குழுவின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. கடையை மூடிவிட்டவர்களைத் தேடிப் போங்கள். இட்லி மாவு விற்று இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்ட ஒருவர், ஓடிக்கொண்டிருக்கும் பத்துக் கடைக்காரர்களைவிட அதிகம் சொல்வார்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கடனைப் பற்றிக் கேட்காதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

‘தெற்காசியப் பெண்’ என்று ஒருவர் இருப்பதுபோல எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. சொத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்தது; இந்தியா முழுவதற்கும் 2005-ல்தான் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. யாழ்ப்பாணத்திலோ சீதனமாகக் காணி பெண்ணின் பெயரிலேயே வருகிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழர்களின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி, மணமான பெண் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். ஒருவருக்குச் சட்டத்தில் உரிமை இருந்தும் பட்டா அப்பா பெயரில்; இன்னொருவருக்குக் காணியின் உறுதிப் பத்திரம் தன் பெயரில் இருந்தும் கையெழுத்து வேறொருவருடையது. வங்கியில் இருவரும் ஈடு காட்ட முடியாமல் திரும்புகிறார்கள், ஆனால் தீர்வு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் எல்லோரும் விழிப்புணர்வு முகாமைப் பரிந்துரைக்கிறார்கள். மாணவர்களால் நடத்த முடிந்தது அதுதான் என்பது என் சந்தேகம். அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் ஆலோசனை கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலரை மட்டும் ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்களிடம்தான் தொழில் நடவடிக்கை கூடியது; கடனைத் தொழிலில் போட்டதும் அவர்களே அதிகம். தனியாக வந்தவர்களுக்கும் அதே பாடம்தான் நடத்தப்பட்டது, மாற்றம்தான் இல்லை. வெளியே போய்வரக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகத்துப் பெண்களுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. பயிற்சி தேவை என்று எழுதுவதற்குமுன், அந்தப் பயிற்சிக்கு அவர் யாரோடு வருவார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கையில் அட்டையும் பேனாவுமாகப் போனால் உங்களை வங்கியிலிருந்தோ அரசிலிருந்தோ வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். பேசி முடித்ததும் ஆதார் நகலை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். வாங்கினால் அவர் உங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், கணவருக்குத் தெரியாத கடன் அந்தப் படத்தோடு தெருவுக்கு வந்துவிடும். மாவட்டத் தொழில் மையம், மகளிர் திட்ட அலுவலகம் இரண்டின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சடித்த துண்டுத்தாளைக் கையோடு கொண்டுபோய், ஆதார் நகலைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.