கல்லூரிப் புள்ளிவிவரங்களைக் கொண்டு என்.பி.ஏ. டிராஃப்ட் வீரர்களை எடைபோடுவது எப்படி?

கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் 2014-15 பருவப் பட்டியலைப் புள்ளி வரிசையில் பார்த்தால், முதலிடத்தில் ஆட்டத்துக்கு 11.0 புள்ளியுடன் ஆரோன் ஹாரிசன் இருப்பார். அடுத்து 10.3 புள்ளியுடன் கார்ல் ஆந்தணி டவுன்ஸ், அதற்கும் அடுத்து 10.0 புள்ளியுடன் டெவின் புக்கர். அந்தப் பருவம் முடிந்து 2015 ஜூனில் நடந்த டிராஃப்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மினசோட்டா அணி டவுன்ஸை முதல் ஆளாக எடுத்தது. கல்லூரியில் ஒரு முறைகூடத் தொடக்க ஐவரில் இடம்பெறாத புக்கரை 13ஆம் இடத்தில் பீனிக்ஸ் எடுத்தது. ஹாரிசனை எந்த அணியும் எடுக்கவில்லை. அதே பருவத்தில் வேறு கல்லூரிகளில் இவர்களைவிட அதிகப் புள்ளி எடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆகவே கல்லூரிப் பட்டியலைப் படிக்க உட்காரும் எவரும் புள்ளிச் சராசரியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன்னால் எவற்றைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் கல்லூரிப் பகுதி, பார்ட் டோர்விக் நடத்தும் இலவசத் தளம், ஓர் எக்செல் தாள் ஆகியவை போதும். கென் பாமரோயின் கட்டணத் தளம் இருந்தால் அணிகளின் பலத்தை ஒப்பிடுவது இன்னும் எளிதாகும்.

வயதிலிருந்து தொடங்குங்கள்

தாளின் முதல் கட்டத்தில் வீரரின் பெயரும், இரண்டாம் கட்டத்தில் டிராஃப்ட் நாளன்று அவருடைய வயதும் இருக்க வேண்டும். வயதை ஆண்டும் மாதமுமாக எழுதுங்கள். "முதலாண்டு மாணவர்", "நான்காமாண்டு மாணவர்" என்ற குறிப்பு போதாது, ஏனெனில் ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கிடையே ஒரு வயதுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடும்.

வயது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் 2010-11 பருவத்தில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்து அமெரிக்கக் கல்லூரிகளிலேயே முதலிடம் பெற்றார். கெவின் டுரான்ட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஒரே பருவமான 2006-07இல் எடுத்தது 25.8 புள்ளி. எண்ணை மட்டும் பார்த்தால் ஃப்ரெடெட் மேலே நிற்கிறார். ஆனால் டுரான்ட் பிறந்தது 1988 செப்டம்பரில், ஃப்ரெடெட் பிறந்தது 1989 பிப்ரவரியில். இருவருக்கும் ஐந்து மாத இடைவெளிதான். ஃப்ரெடெட் கல்லூரிப் பையன்களுக்கு எதிராக 28.9 எடுத்துக்கொண்டிருந்த அதே பருவத்தில், ஏறத்தாழ அதே வயதுடைய டுரான்ட் என்.பி.ஏ.யில் தொடர்ந்து இரண்டாம் முறையாக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டத்தை வென்றார். 22 வயது இளைஞர் 19 வயதுக்காரர்களுக்கு நடுவே நன்றாக ஆடுவதில் உடல் முதிர்ச்சிக்கும் அனுபவத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவதே அவருடைய திறமை.

நிமிடமும் பொசஷனும்

அடுத்ததாக, எல்லா எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரம் கல்லூரியில் 30 விநாடி, என்.பி.ஏ.யில் 24 விநாடி. ஒரு வீரரின் எண்ணை அவர் ஆடிய நிமிடங்களால் வகுத்து 40ஆல் பெருக்கினால் முதல் திருத்தம் முடிந்தது. புக்கர் ஆட்டத்துக்கு 21.5 நிமிடமே ஆடினார், 10.0 புள்ளியை அதனால் வகுத்து 40ஆல் பெருக்கினால் 18.6 வருகிறது. டிராஃப்ட் நாளன்று அவருக்கு 18 வயதுதான் என்பதையும், 38 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்ற அணியில் திறமைசாலிகள் பலரோடு பந்தைப் பங்கிட்டுக்கொண்டு ஆடினார் என்பதையும் அந்த 18.6க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பத்துப் புள்ளி முற்றிலும் வேறாகத் தெரியும்.

நிமிடத் திருத்தம் மட்டும் போதாது. அணியின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அணி எடுத்த ஷாட்டுகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய தம் ஷாட்டைத் தாமே மீண்டும் பிடித்தவை) கழித்து, டர்னோவர்களை (ஷாட் எடுக்காமலே எதிரணியிடம் பந்தை இழந்தவை) கூட்டி, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தனி ஷாட்) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிக் கூட்டினால், அந்த அணிக்குப் பந்து எத்தனை முறை வாய்த்தது என்பது, அதாவது பொசஷன் எண்ணிக்கை, தோராயமாகக் கிடைக்கும். 2019இல் பட்டம் வென்ற வர்ஜீனியா, நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. அங்கே டீஆண்ட்ரே ஹண்டர் எடுத்த 15.2 புள்ளி, வேகமான அணியில் எடுத்த 15.2 புள்ளிக்கு ஈடாகாது, அதைவிட மதிப்பு மிக்கது. இதற்கு நேர் எதிர் எல்லையில் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி இருந்தது. 2006-07இல் ஆட்டத்துக்கு 100 புள்ளிக்கு மேல் குவித்த அந்த அணியின் ரெஜி வில்லியம்ஸ் தொடர்ந்து இரு பருவங்கள் நாட்டின் முதல் புள்ளிக் குவிப்பாளராக இருந்தும், 2008 டிராஃப்டில் அவர் பெயர் அழைக்கப்படவில்லை. பின்னர் கோல்டன் ஸ்டேட் அணி வழியாக அவர் என்.பி.ஏ.க்கு வந்தார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும்.

எதிரில் நின்றவர் யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச மட்டமான முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள தரவேறுபாடு மிகப் பெரியது. இருந்தாலும், சிறிய கல்லூரி என்பதற்காக ஒருவருடைய எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது தவறு. வெபர் ஸ்டேட்டில் 24.5 புள்ளி எடுத்த டேமியன் லில்லார்ட் 2012இல் 6ஆம் இடத்திலும், லீஹையின் சி.ஜே. மெக்காலம் 2013இல் 10ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டு, இருவரும் நெடுங்காலம் முன்னணி ஆட்டக்காரர்களாக விளங்கினார்கள். சிறிய கல்லூரி வீரரிடம் நான் எதிர்பார்ப்பது, அந்த மட்டத்தில் அவர் சற்று மேலே இருந்தால் போதாது, மிக மேலே இருக்க வேண்டும் என்பதே. மர்ரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் 2018-19இல் 24.5 புள்ளியும் 10 அசிஸ்ட்டும் (சக வீரர் கூடையில் போட உதவிய பாஸ்) சராசரியாக எடுத்தார். ஒரே பருவத்தில் 20 புள்ளி, 10 அசிஸ்ட் என்ற சராசரியை எட்டிய முதல் கல்லூரி வீரர் அவர்தான். டோர்விக் தளத்தில் பலமான அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அங்கே ஆட்டங்கள் நான்கோ ஐந்தோதான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மொரான்ட் 17 புள்ளி, 11 ரீபவுண்ட், 16 அசிஸ்ட் எடுத்தது கண்கொள்ளாக் காட்சிதான், ஆயினும் அது ஓர் ஆட்டம் மட்டுமே.

ஷாட்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ் 2010-11இல் மூன்று புள்ளி ஷாட்டுகளில் (கோட்டுக்கு வெளியே தொலைவிலிருந்து எறிபவை) 56.8 சதவீதம் வெற்றி பெற்றார். வியக்கத்தக்க எண், ஆனால் அது 74 முயற்சிகளில் 42. 2011 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட அவருடைய என்.பி.ஏ. வாழ்நாள் சராசரி 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஒரு கல்லூரிப் பருவத்தில் எடுக்கப்படும் மூன்று புள்ளி ஷாட்டுகள் எப்போதும் குறைவு. உண்மையில் 35 சதவீதத் திறமை கொண்ட ஒருவர் 100 முறை எறிந்தால், தற்செயலால் மட்டுமே 26 முதல் 44 வரை எங்கு வேண்டுமானாலும் முடிவு வந்து நிற்கலாம்.

இதைச் சரிசெய்ய நான் பின்பற்றும் முறை மிக எளியது. ஒவ்வொரு வீரரின் கணக்கிலும், தேசிய சராசரியான 34 சதவீதத்தில் 200 கற்பனை ஷாட்டுகளைச் சேர்த்துவிடுவேன். அதாவது முயற்சியில் 200, வெற்றியில் 68. வில்லியம்ஸின் 74க்கு 42 என்பது 274க்கு 110 ஆகி, 40.1 சதவீதமாக இறங்கிவிடும். 200 என்ற அளவு வேதவாக்கு அல்ல. பழைய வீரர்களை வைத்துச் சோதித்து உங்களுக்கு ஏற்ற அளவை நீங்களே முடிவு செய்யலாம்.

அதோடு நில்லாமல் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். யாரும் மறிக்காமல், மாறாத 15 அடித் தொலைவில், தன் வேகத்தில் எடுக்கும் ஷாட் அது. எறியும் கையின் சீர்மை அதில் ஒளிவுமறைவின்றித் தெரியும். லான்சோ பால் யு.சி.எல்.ஏ.வில் 194 மூன்று புள்ளி முயற்சிகளில் 80ஐக் கூடையில் சேர்த்து 41.2 சதவீதம் காட்டினார். ஆனால் அவருடைய ஃப்ரீ த்ரோ 67.3 சதவீதம்தான். என்.பி.ஏ.யில் முதல் பருவத்தில் மூன்று புள்ளி 30.5க்கும் ஃப்ரீ த்ரோ 45.1க்கும் விழுந்தன. எறியும் பாணியை மாற்றிக்கொண்டு அவர் பின்னர் நல்ல ஷூட்டராக வளர்ந்தது அவருடைய உழைப்பு. அதைக் கல்லூரி எண்ணிலிருந்து முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. டவுன்ஸ் இதற்கு மறுபக்கம். கென்டக்கியில் அவர் பருவம் முழுவதும் எடுத்த மூன்று புள்ளி ஷாட்டுகள் எட்டு, விழுந்தவை இரண்டு. அந்த வரியைப் பார்த்து அவர் தொலைவிலிருந்து எறிய வல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருடைய ஃப்ரீ த்ரோ 81.3 சதவீதம், ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள 19 வயது வீரரிடம் அது அபூர்வம். என்.பி.ஏ.யில் அவர் மூன்று புள்ளியில் 40 சதவீதத்தை ஒட்டி எறிபவராகி, 2022இல் ஆல்-ஸ்டார் வார இறுதியின் மூன்று புள்ளிப் போட்டியையும் வென்றார்.

பழைய வீரர்களோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 2008-09 முதல் 2018-19 வரை 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2019-20இல் ஆண்கள் முதல் பிரிவில் அது ஏறத்தாழ 22 அடி 2 அங்குலத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. என்.பி.ஏ. கோடு உச்சியில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. கோடு மாறுவதற்கு முந்தைய 38 சதவீதத்தையும் பிந்தைய 38 சதவீதத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

பந்தைக் கையாள்வதும் பறிப்பதும்

டர்னோவரை அது வந்த சுமையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2017-18இல் ஓக்லஹோமாவின் டிரே யங் புள்ளியிலும் (27.4) அசிஸ்டிலும் (8.7) ஒருசேர நாட்டில் முதலிடம் பெற்றார், அதே வேளையில் ஆட்டத்துக்கு 5க்கும் மேற்பட்ட முறை பந்தை இழந்தார். அணியின் தாக்குதல் முழுவதையும் தோளில் சுமப்பவருக்கு அது பெரிய குறை அல்ல. பந்தை அரிதாகவே தொடும் ஒருவர் ஆட்டத்துக்கு மூன்று முறை இழந்தால் அதுதான் கவலைக்குரியது. அணியின் பொசஷன்களில் எத்தனை சதவீதம் ஒருவர் கையில் முடிகிறது என்பதைக் காட்டும் யூசேஜ் என்ற எண்ணை இதற்குப் பக்கத்தில் எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (அவர் எறியும் பந்தைத் தடுப்பது) இரண்டையும் நான் தற்காப்பின் அளவாகப் பார்ப்பதைவிட, கால் வேகத்துக்கும் கை வேகத்துக்கும் ஆட்டத்தை முன்னுணரும் கண்ணுக்கும் சாட்சியாகவே பார்க்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மட்டீஸ் தைபுல் 2018-19இல் ஆட்டத்துக்கு 3.5 ஸ்டீலும் 2.3 பிளாக்கும் எடுத்தார். அந்த அணி, ஆளுக்கு ஓர் எதிராளியை மறிக்காமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் ஸோன் தற்காப்பு ஆடியதால் எண்கள் ஊதிப்பெருத்திருக்கும் என்ற ஐயம் நியாயமானதே, ஆனால் 2021, 2022 இரு ஆண்டுகளிலும் அவர் என்.பி.ஏ.யின் சிறந்த தற்காப்பு இரண்டாம் அணியில் இடம்பெற்றார்.

மிச்சிகன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் வயதைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு அவர் விதிவிலக்கு. நான்காண்டு முடித்து 22 வயதில் வந்த அவர் 2012இல் 35ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார். கடைசிப் பருவத்தில் அவர் வரியில் 16.2 புள்ளி, 10.6 ரீபவுண்ட், 3.8 அசிஸ்ட் இருந்தன. வயது கூடியவராக இருந்தாலும், ஒரே வரியில் பல கட்டங்கள் ஒன்றாக நிறைந்திருந்தால் அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது

இத்தனையும் திருத்திய பிறகு, அதே வயதும் உயரமும் இதே போன்ற எண்களும் கொண்ட பழைய வீரர்களைத் தேடி எடுங்கள். அப்போது பெயர் தெரிந்தவர்களை மட்டும் எழுதக் கூடாது. "இவர் ஸ்டெஃபன் கர்ரியைப் போன்றவர்" என்று எழுதுபவர், அதே எண்களோடு வந்து காணாமல் போன பத்துப் பேரையும் சேர்த்து எழுதினால்தான் ஒப்பீடு நேர்மையானதாகும். கல்லூரியில் ஆடாமல் வருபவர்களுக்கு இந்த முறை பயன்படாது. 2015இல் 52ஆம் இடத்தில் டல்லாஸ் அணி எடுத்த, இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் வீரரான சத்னம் சிங்கை எடைபோட ஒரு கல்லூரி எண்கூட இல்லை.

ஃப்ரெடெட்டிடம் திரும்பிப் பாருங்கள். அவர் நன்றாக எறிவார் என்று எண்கள் சொன்னது என்.பி.ஏ.யில் பலித்தது, அங்கே அவருடைய மூன்று புள்ளிச் சராசரி 37.2. ஆனால் எதிரணியின் வேகமான கார்டை, அதாவது பந்தைக் கொண்டுசெல்லும் வீரரை, அவரால் மறிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமே இல்லை.

இன்னும் கடினமான சோதனை மைக்கேல் பீஸ்லி. கன்சாஸ் ஸ்டேட்டில் 2007-08இல் அவர் எடுத்தது 26.2 புள்ளி, 12.4 ரீபவுண்ட், ஓராண்டு முன்பு டுரான்ட் எடுத்தது 25.8 புள்ளி, 11.1 ரீபவுண்ட். இருவரும் ஒரே பருவம் ஆடிய முதலாண்டு மாணவர்கள், இருவரும் பலமான பிக் 12 குழுவில் ஆடியவர்கள், இருவரும் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்டவர்கள். மூன்று புள்ளி ஷாட்டுகளுக்கு மேலே சொன்ன 200 கற்பனை ஷாட் முறையை இங்கே போட்டுப் பார்த்தால், டுரான்டின் 203க்கு 82 என்பது 37.2 சதவீதமாகவும், பீஸ்லியின் 95க்கு 36 என்பது 35.3 சதவீதமாகவும் ஆகிறது. ஃப்ரீ த்ரோ 81.6க்கு எதிராக 77.4. ஸ்டீலிலும் பிளாக்கிலும் டுரான்ட் சற்று முன்னால். புள்ளியும் ரீபவுண்டும் பீஸ்லி பக்கமும், மற்றக் கட்டங்கள் டுரான்ட் பக்கமும் சாய்கின்றன, ஆனால் எதுவும் அதிகம் சாயவில்லை. அவர்கள் பின்னாளில் சென்ற தொலைவுக்கு இடையிலான வேறுபாட்டை இந்த எண்களால் விளக்க முடியாது. இப்படி இரண்டு வரிகள் அருகருகே வந்து நிற்கும்போது, தாளில் இருவரையும் ஒரே படியில் எழுதிவிட்டு, எந்தக் கட்டத்தில் ஐயம் இருக்கிறதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.