அமெரிக்காவில் இறந்த உறவினரின் பணம் மாநில அரசிடம் இருந்தால் எப்படிக் கேட்டு வாங்குவது?

பெரியப்பா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான், யாரும் கேட்காமல் மாநில அரசிடம் கிடக்கும் பணத்தின் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கத் தோன்றியது. அவர் நியூஜெர்சியில் முதன்முதலாகக் குடியிருந்த அபார்ட்மென்ட் முகவரியோடு ஒரு வரி வந்தது. மின்சார இணைப்புக்குக் கட்டிய டெபாசிட். தொகை சின்னதுதான். ஆனால் அந்தத் தெருப் பெயரைப் பார்த்ததும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வங்கிக் கணக்கு, மாற்றாமல் விட்ட சம்பளக் காசோலை, காப்பீட்டுத் தொகை, பங்குகள், லாக்கரில் வைத்த பொருள் எதையுமே யாரும் பல வருடம் தொடாவிட்டால், பெரும்பாலும் 3 முதல் 5 வருடத்தில், நிறுவனம் அதை மாநில அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீடும் நிலமும் இதில் வராது.

முதல் வேலை, இறந்தவர் வாழ்ந்த மாநிலங்களை எல்லாம் எழுதிக்கொள்வது. நிறுவனத்தின் பதிவில் உள்ள கடைசி முகவரி எந்த மாநிலமோ, பணம் அங்கே போகும். முகவரியே இல்லையென்றால் நிறுவனம் பதிவான மாநிலத்துக்குப் போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் வகுத்த முறை இது. ஏராளமான நிறுவனங்கள் டெலவேர் மாநிலத்தில் பதிவானவை என்பதால், அவர் அங்கே கால் வைத்ததே இல்லை என்றாலும் டெலவேரையும் சேர்த்துத் தேடுங்கள். மிஸ்ஸிங்மணி டாட் காம் தளத்தில் பெரும்பாலான மாநிலங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. அப்புறம் ஒவ்வொரு மாநிலத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பாருங்கள்.

நம் ஆட்கள் கோட்டை விடுவது பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் ஒரு வங்கியில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் அதுவே முதல் பெயராக இருக்கும். விசாவில் முதல் பெயர் இல்லாதவர்களுக்கு ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டிருப்பார்கள், அது அப்படியே சம்பளப் பட்டியலுக்கும் போயிருக்கும். சுப்பிரமணியன் கடைசியில் ‘எம்’மா ‘என்’னா, நடுவில் ஒரு ‘ஏ’ கூடுதலா? எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பெரியப்பா கிடைத்தது மூன்றாவது எழுத்துக்கூட்டலில்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. இனி வாரிசு என்று குறிப்பிட்டு மனு போட வேண்டும். இறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகல், உங்கள் அடையாள அட்டை, உறவைக் காட்டும் பிறப்பு அல்லது திருமணச் சான்றிதழ், அந்த முகவரியில் அவர் இருந்ததற்கு ஒரு பழைய பில் அல்லது வரிப் படிவம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பெயர் வேறு வேறாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி உதவும். உயில் இருந்தால் அதையும், நீதிமன்றம் நிர்வாகியை நியமித்திருந்தால் அந்த ஆணையையும் கேட்பார்கள்.

சொத்து சிறியதென்றால் நீதிமன்றம் போகாமலே முடியலாம். கலிஃபோர்னியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் இறந்தவர்களுக்கு வரம்பு 2,08,850 டாலர். இறந்து 40 நாள் கழித்து உறுதிமொழிப் பத்திரத்தோடு கேட்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

“உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பங்கு கொடுங்கள்” என்று கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் செய்வதும் இதே மனுதான். நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு தளத்தில் அவ்வப்போது நிலையைப் பாருங்கள். நிறுவனங்கள் வருடாவருடம் புதிதாக ஒப்படைப்பதால், அடுத்த வருடமும் அதே பெயர்களைப் போட்டு ஒருமுறை தேடுங்கள்.